17 செ.மீ. ஜாடியில் 5 செ.மீ. இடம்: ஒரு கும்பிடுபூச்சிக்கு மூன்று முறை வீடு மாற்றிய நிகழ்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் குடும்பத்தில் நடந்தது இது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன், அவன் அப்பா, அம்மா, ஆச்சி என்று நாலு பேர். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். நான் சில வருடங்களாக மாடியில் பூச்சிகள் வளர்த்து வருகிறேன், கும்பிடுபூச்சி மட்டும் ஏழெட்டு வளர்த்திருப்பேன், அதனால் தெருப் பிள்ளைகள் எதையாவது பிடித்தால் டப்பாவோடு என் வீட்டுக்கு வருவது வழக்கம்.

ஆகஸ்ட் 6-ம் தேதி அந்தப் பையன் வீட்டு வாசல் செம்பருத்தியில் ஒரு கும்பிடுபூச்சிக் குஞ்சைப் பார்த்திருக்கிறான். தயிர்க்கடைப் பூச்சி, பெருமாள் பூச்சி என்றெல்லாம் சொல்வோமே, அதேதான். நீளம் 1.3 செ.மீ., இளம்பச்சை, வயிற்றை மேல்நோக்கிச் சுருட்டி வைத்துக்கொண்டு இலைக்கு அடியில் தொங்கியிருக்கிறது. பெரிதான பிறகு பார்த்தபோது முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருக்கிற, உலகம் முழுக்கப் பலர் வீட்டில் வளர்க்கிற ஹீரோடுலா வகை. வளர்ந்த பெண் ஏறத்தாழ 8 செ.மீ. வரும், அதாவது பையன் பிடித்தபோது இருந்ததைப்போல ஆறு மடங்கு.

இந்த ஆறு மடங்குதான் பிரச்சினையே. நாய்க்குட்டி மாதிரி நாளுக்கு நாள் மெல்ல வளர்கிற உயிர் இல்லை இது. தோலை உரித்தால்தான் வளரும், உரிக்கும் அந்த அரைமணி நேரத்தில் வீடு சரியில்லை என்றால் கால் போகும், சிறகு போகும், சில சமயம் உயிரும் போகும். அதனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது நடமாடுகிற நாட்களை மட்டும் பார்த்தால் போதாது, அந்த அரைமணி நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் நடுவில் ஒரு இடத்தில் தவறவிட்டேன், அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

முதல் வீடு: மீன் தொட்டி

பையன் முதலில் பரணில் கிடந்த மீன் தொட்டியை இறக்கியிருக்கிறான். இரண்டடி நீளம், ஓரடி உயரம். அடியில் மண், இரண்டு செடி, ஒரு கல், மேலே கொசுவலை. வாழைப்பழத் தோலை வெயிலில் வைத்துச் சின்னப் பழ ஈக்களைப் பிடித்து உள்ளே விட்டிருக்கிறான். பார்க்க அழகாக இருந்தது, அவன் பாசமும் அதில் தெரிந்தது.

ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். குஞ்சின் வயிறு ஒட்டி, தட்டையாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்ட குஞ்சுக்கு வயிறு உருண்டு இருக்கும். உள்ளே விட்ட ஈக்களில் பாதி எதிர் மூலையில் மேலே உட்கார்ந்திருந்தன, குஞ்சு இந்த மூலையில் ஒரு இலைக்கு அடியில். கும்பிடுபூச்சி இரையைத் துரத்தி ஓடுகிற பிராணி இல்லை, பக்கத்தில் வருவதைப் பார்த்து, காத்திருந்து, முன்னங்கால்களால் சட்டென்று இடுக்கிப் பிடிக்கும். 1.3 செ.மீ. குஞ்சுக்கு இரண்டடித் தொட்டி என்பது ஒரு மைதானம், அதில் ஒன்றும் பக்கத்தில் வராது.

"மாமா, பெரிய வீடுதானே நல்லது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பறவைக்கும் மீனுக்கும் அது சரி. இதற்கு, இரை கண்ணில் பட்டு, எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதே சமயம் தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்க இடமும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு, பூச்சியின் நீளத்தைப்போல உயரம் குறைந்தது மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு. ரொம்பச் சின்னக் குஞ்சுக்கு இதைவிடக் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் மீன் தொட்டி அளவுக்கு இல்லை.

இரண்டாவது வீடு: ஜாம் பாட்டில்

அன்றைக்கே அரைக் கிலோ ஜாம் பாட்டிலுக்கு மாற்றினோம். உயரம் 12 செ.மீ., அகலம் 7 செ.மீ. மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாத்தாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வாயில் இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டோம். அடியில் ஈரம் பிடிக்க விரலளவு தேங்காய் நார்த்தூள், ஓரத்தில் ஒரு வேப்பங்குச்சி. ஆகஸ்ட் மாதம் இங்கே மேல்காற்று, குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது எங்களுக்கு வறண்ட காற்றுதான் வந்து சேரும், துணி காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். அதனால் காலையில் ஒரு தடவை துணி மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். குஞ்சு அந்தத் துளிகளைக் குடிக்கும், பாட்டிலுக்குள் ஈரமும் நிற்கும்.

பாட்டிலை வைக்கும் இடத்துக்கும் சில நிபந்தனை சொன்னேன். கொசு விரட்டும் மருந்து எரிகிற அறை கூடாது, அந்த மருந்துக்குக் கொசு எது, கும்பிடுபூச்சி எது என்று தெரியாது. ஜன்னல் வெயில் நேரே படக்கூடாது, கண்ணாடிப் பாட்டில் பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். எறும்பு வராமல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பாட்டில். ஆச்சி உடனே புரிந்துகொண்டார், பலகாரப் பெட்டியின் கால்களை அவர் அப்படித்தான் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருந்த காலம் உண்டு.

ஆகஸ்ட் 14-ல் முதல் தோலுரிப்பு, 1.7 செ.மீ. ஆகஸ்ட் 27-ல் அடுத்தது, 2.2. செப்டம்பர் 11-ல் 2.9. மூன்றும் இரவில் நடந்தன, மூன்றும் சுத்தமாக நடந்தன, ஒவ்வொரு தடவையும் காலையில் துணியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பையன் அவற்றைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறான், கண்ணின் மேல் இருந்த தோல்கூட அப்படியே குமிழாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

மூன்று தடவையும் அது தொங்கியது வேட்டித் துணியில். இதை நான் பார்த்தேன், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வீடு: பிளாஸ்டிக் ஜாடி

செப்டம்பர் 20 வாக்கில் பையனின் அம்மா போன் செய்தார். பாட்டிலில் பூச்சி நெருக்கடியாக இருப்பதுபோலத் தெரிகிறது, பருப்பு போட்டு வைக்கிற ஒரு கிலோ ஜாடி காலியாக இருக்கிறது, மாற்றலாமா என்று கேட்டார். உயரம் எவ்வளவு என்று கேட்டேன். 17 செ.மீ., அகலம் 11 என்றார். 2.9-க்கு மூன்று மடங்கு 8.7, தாராளம், மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நடந்த உரையாடல்.

நேரில் போய்ப் பார்க்கவில்லை. மூடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜாடிக்குத் திருகு மூடி. பையனின் அப்பா ஊசியைச் சூடாக்கி அதில் நாற்பது துளை போட்டிருந்தார், காற்றோட்டத்துக்கு அது போதும். ஆனால் மூடியின் உள்பக்கம் வழவழ. குஞ்சாக இருக்கும்போது கும்பிடுபூச்சி பிளாஸ்டிக்கில்கூட ஏறிவிடும், உடம்பு கனத்ததும் பிடி நழுவ ஆரம்பிக்கும். நடந்து போக முடிகிற பரப்பில்கூட முழு எடையையும் தாங்கி அரைமணி நேரம் அசையாமல் தொங்க முடியாது, அதற்குக் கால் நகங்கள் எதிலாவது கொக்கிபோல் மாட்ட வேண்டும். மாட்ட ஒன்றும் இல்லாததால் அது ஜாடிக்குள் சாய்த்து வைத்திருந்த குச்சியில் தொங்கிப் பழகிக்கொண்டது. குச்சியில் அது தேர்ந்தெடுத்த இடம் ஜாடியின் அடியிலிருந்து 8 செ.மீ. அடியில் பையன் தாராளமாகப் போட்டிருந்த நார்த்தூள் 3 செ.மீ. ஆக, 17 செ.மீ. ஜாடியில் பூச்சிக்குக் கீழே இருந்த வெறும் இடம் 5 செ.மீ.

இன்னொன்றும் பையன் கவனித்துச் சொன்னான், நான்தான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூச்சி ஜாடிச் சுவரில் முகத்தை வைத்துத் தேய்க்கிறது, வெளியே போகப் பார்க்கிற மாதிரி ஒரே இடத்தில் ஏறி ஏறி வழுக்குகிறது என்றான். வழவழப்பான சுவரில் இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கண்ணில் கரும்புள்ளி விழுந்த பூச்சிகளை நான் வளர்த்ததிலேயே பார்த்திருக்கிறேன். (நாம் நகர்ந்தால் கூடவே நகர்கிற சின்னக் கறுப்புப் பொட்டு வேறு, அது எல்லாக் கும்பிடுபூச்சிக்கும் உண்டு, பயப்பட ஒன்றும் இல்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் நிற்கிற கறைதான் காயம்.)

செப்டம்பர் 29

26-ம் தேதியிலிருந்து சாப்பிடவில்லை. ஈயைக் காட்டினால் விலகிப் போனது. தோலுரிக்கப் போகிறது என்று பையனுக்கே தெரிந்தது, உள்ளே இருந்த ஈக்களை வெளியே விட்டுவிட்டான், அது சரியான காரியம்.

29 இரவு எட்டரைக்கு அவனும் அப்பாவும் ஜாடியோடு என் வீட்டு வாசலில் நின்றார்கள். நான் பார்க்கும்போது பூச்சி முதுகுத் தோல் பிளந்து பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. வழக்கமாக என்ன நடக்கும் என்றால், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி வழுக்கி வரும், தன் எடைதான் அதை வெளியே இழுக்கும். வயிற்று நுனி மட்டும் பழைய தோலில் மாட்டியிருக்க, மெத்தென்ற புதுக் கால்கள் காற்றில் தொங்கி நேராகி இறுகும். அப்புறம் உடம்பை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு வயிற்றை உருவிக்கொள்ளும். பழைய உடம்பின் நீளம், அதற்குக் கீழே புது உடம்பின் நீளம், இரண்டும் ஒரே கோட்டில் தொங்க இடம் வேண்டும். 2.9-ம் 3.8-ம் சேர்த்தால் 6.7. இருந்தது 5.

தலை நார்த்தூளில் முட்டி நின்றுவிட்டது. எடை இழுக்கவில்லை. வலது நடுக்கால் தூளுக்கும் உடம்புக்கும் நடுவில் மடங்கிய நிலையிலேயே இறுகிக்கொண்டிருந்தது, இடது பின்காலின் பாதம் பழைய தோலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. பையன் அழவில்லை, "மாமா, இது செத்துருமா?" என்று மட்டும் கேட்டான்.

உடனே செய்தது ஒன்றே ஒன்று: ஒரு தேக்கரண்டியால் தலைக்குக் கீழே இருந்த நார்த்தூளை மெல்ல வழித்து எடுத்தேன். பூச்சியைத் தொடவில்லை. அந்த நேரத்தில் உடம்பு ஈர மாவு மாதிரி, விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். 3 செ.மீ. கிடைத்ததும் அது இன்னும் கொஞ்சம் இறங்கியது, முன்னங்கால் இரண்டும் நேரானதைப் பார்த்தோம். ஒன்பதே காலுக்கு எப்படியோ வளைந்து குச்சியைப் பற்றிக்கொண்டது. இடது பின்கால் பாதத்தில் தோல் ஒட்டியே இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று அன்று இரவே பேசினோம். அப்பாவுக்கு, வறண்ட காற்றுதான் காரணமோ என்று சந்தேகம். காற்றில் ஈரம் போதாமல் தோல் ஒட்டிக்கொள்வது உண்டுதான். ஆனால் ஜாடிச் சுவரில் அப்போதும் நீர்த்துளி இருந்தது, முந்தின மூன்று தோலும் இதைவிட வறண்ட நாட்களில் சுத்தமாகக் கழன்றிருக்கின்றன. அதனால் காரணம் ஈரமில்லை, தொங்கிய இடம்தான் என்ற முடிவுக்கு வந்தோம். பழைய ஜாம் பாட்டிலையும் அப்போது அளந்து பார்த்தேன். துணியிலிருந்து நார்த்தூள் வரை 10.5 செ.மீ. அதிலேயே விட்டிருந்தால் இந்தத் தோலும் நல்லபடியாகக் கழன்றிருக்கும். நெருக்கடியாகத் தெரிந்தது நம் கண்ணுக்குத்தான்.

வைத்திருப்பதா, வேண்டாமா

மறுநாள் காலை குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. வலது நடுக்கால் கேள்விக்குறி மாதிரி வளைந்து இறுகிவிட்டது. இடது பின்காலில் ஒட்டிய தோலை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி இளக்கப் பார்த்தோம், தோலோடு பாதமும் உடைந்து வந்துவிட்டது. அம்மாவுக்கு, அது வலியில் கிடந்து கஷ்டப்படக் கூடாது என்ற கவலை. செடியில் விட்டால் ஒரு நாள் தாங்காது, பல்லியோ எறும்போ முடித்துவிடும்.

நான் சொன்ன கணக்கு இது. இரை பிடிக்க முன்னங்கால் இரண்டும் சரியாக இருக்கிறது. தலை, வாய், கண் சரி. தொங்க நல்ல கால் இரண்டும் பாதமில்லாத கால் ஒன்றும் உண்டு. இன்னும் வளர வேண்டிய குஞ்சு, இன்னும் மூன்று தோலாவது உரிக்கும், இழந்த நடைகால் அடுத்தடுத்த தோலுரிப்பில் சின்னதாக முளைத்துப் பெரிதாகும். வளர்ந்த பூச்சியாக இருந்தால் அந்த வாய்ப்பே கிடையாது, அப்போது என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை, அடுத்த தடவை இரண்டு மூன்று காலில் முழு எடையையும் தாங்கித் தொங்கப் போகிறது, அதனால் கூரை முழுக்க எங்கே கால் வைத்தாலும் நகம் மாட்டுகிற மாதிரி வீடு வேண்டும். வைத்திருப்பது என்று முடிவானது.

அன்றே ஜாடி மூடியின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு நைலான் கொசுவலையை இழுத்து ஒட்டினோம், குச்சியையும் நார்த்தூளையும் எடுத்துவிட்டு அடியில் ஒரு மடிப்புத் தாள் மட்டும் போட்டோம். இது தற்காலிகம். இரண்டு நாள் எதுவும் கொடுக்கவில்லை, வாயும் கால்முள்ளும் இறுக வேண்டும். மூன்றாம் நாள் புருவம் திருத்துகிற இடுக்கியில் ஒரு ஈயைப் பிடித்து முன்னால் காட்டினான் பையன், சட்டென்று வாங்கிக்கொண்டது. அக்டோபர் 2-ல் வளைந்த நடுக்காலைத் தானாகவே உதிர்த்துவிட்டது.

நான்காவது வீடு: எம்பிராய்டரி வளையமும் கொசுவலையும்

அப்பா முதலில் சொன்னது, ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினியக் கொசுவலையில் ஒரு பெட்டி செய்துவிடலாம், தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை என்று. உறுதியாக இருக்கும், வெட்டுக்கிளி கடித்து ஓட்டை போடாது. ஆனால் அந்தக் கம்பி கெட்டி, அறுத்த முனையெல்லாம் கூர், பாதம் சிக்கினால் கம்பி வளையாது, பாதம்தான் போகும். ஏற்கெனவே ஒரு பாதம் இல்லாத பூச்சிக்கு அது வேண்டாம் என்றேன். நைலான் வலை இளகிக் கொடுக்கும். துளையும் சிறியதாக இருக்க வேண்டும், காய்கறி கட்டி வருகிற அகலக் கண் வலையில் கால் முழுதாக உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

தைத்தது ஆச்சி. 20 செ.மீ. விட்டமுள்ள எம்பிராய்டரி வளையம் இரண்டு, நடுவில் 32 செ.மீ. உயரத்துக்குக் குழாய் மாதிரி கொசுவலை. மேல் வளையத்தில் வலையை இறுக்கியபோது மத்தளம் மாதிரி விறைப்பாக நின்றது, இது முக்கியம், தொய்ந்த கூரையில் தொங்கினால் பூச்சி ஆடும், உடம்பு பக்கத்து வலையில் உரசும். கீழ் வளையத்தில் அட்டை வைத்து எடை கொடுத்தோம். பக்கவாட்டில் கை நுழைகிற அளவு ஒரு வாய், அதை மூட வெல்க்ரோ. வாயை மேலே வைக்கலாம் என்று அப்பா சொன்னதற்கு ஆச்சிதான் மறுத்தார்: "அது மேலதான் தொங்குது, மேல கதவு வச்சா தெனமும் அதோட வீட்டு மச்சையில்ல தூக்கணும்." அனுபவத்தில் சொல்கிறேன், கடையில் விற்கிற பல பெட்டிகளிலும் இந்தத் தவறு உண்டு, மேல்மூடியைத் திறக்கும்போது அதில் தொங்குகிற பூச்சி விழும், அல்லது விளிம்பில் நசுங்கும்.

3.8 செ.மீ. பூச்சிக்கு 32 செ.மீ. உயரம், இதுவும் மீன் தொட்டிக் கதை ஆகாதா என்று பையனே கேட்டான். நல்ல கேள்வி. இரண்டு காரணத்தால் சரி என்றேன். ஒன்று, இனி இரை வீட்டு ஈயும் அந்துப்பூச்சியும், அவை மேலே பறந்து கூரை வலையில்தான் உட்காரும், பூச்சியும் அங்கேதான் தொங்குகிறது. இரண்டு, கால் சரியாகும்வரை இடுக்கியில்தான் ஊட்டப் போகிறோம். அப்புறம், இன்னும் ஒரு தடவை வீடு மாற்றும் பாடு வேண்டாம், வளர்ந்த பிறகும் இதுவே போதும்.

அக்டோபர் 5 மாலை மாற்றினோம். கையில் பிடிக்கவில்லை, ஜாடியைத் திறந்து வலையின் வாயில் சாய்த்து வைத்தோம், அரை மணி நேரத்தில் தானாக ஏறிப் போனது. முற்றத்துத் தாழ்வாரத்தில், நேர் வெயில் படாத இடத்தில், கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள்.

அன்றிலிருந்து சுவரில் முகம் தேய்ப்பது நின்றுபோனது.

மழைக்காலம்

அக்டோபர் 21-ல் வலைக் கூரையின் நடுவில் தொங்கித் தோலுரித்தது, 4.9 செ.மீ., சுத்தம். உதிர்ந்த நடுக்கால் இருந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு சின்னக் கால், உடைந்த பாதத்தின் இடத்தில் புதுப் பாதம். வயிற்றின் அடிப்பக்கக் கட்டங்களை எண்ணினோம், ஆறு. ஆணுக்கு எட்டு இருக்கும். பெண் என்று தெரிந்ததும் பையன் "அவ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான், நானும் அப்படியே சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் கதை தலைகீழ். ஆகஸ்டில் ஈரம் போதவில்லை என்று தெளித்தோம், இப்போது காற்றே ஈரம். பையன் பழக்கத்தில் தினமும் தெளித்துக்கொண்டிருந்தான், அடி அட்டை ஊறிப் பூஞ்சை பூத்துவிட்டது. அட்டையை மாற்றி அதன் மேல் செய்தித்தாள், இரண்டு நாளைக்கு ஒரு தாள், தெளிப்பது மூன்று நாளைக்கு ஒரு தடவை. வலை வீட்டின் நன்மை அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது, தாள் மாற்றிய இரண்டாம் நாளே எல்லாம் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 30-ல் கயிறு வழியாகச் செவ்வெறும்பு இறங்கியது, தின்று போட்ட ஈச் சிறகுக்கு வந்தவை. அம்மா பார்த்ததால் தப்பித்தது. கயிற்றின் நடுவில் நாலு விரல் நீளத்துக்கு வாஸ்லின் தடவினோம், மிச்சத்தை அன்றன்று மாலையே எடுத்துவிடுவது என்று ஆனது. எறும்பு மருந்துச் சாக்பீஸ் பக்கத்திலேயே கூடாது.

நவம்பரில் ஒரு நாள் தெருவில் கொசுப் புகை அடித்துக்கொண்டு வந்தார்கள். டெங்கு சீசன், அடிக்கத்தான் வேண்டும். சத்தம் கேட்டதும் ஆச்சி வலைவீட்டைக் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டு வைத்திருக்கிறார். வலைவீட்டுக்கு இது ஒரு குறை, கண்ணாடிப் பாட்டில்போல் மூடி வைக்க முடியாது, எந்தப் புகையும் நேரே உள்ளே போகும்.

நவம்பர் 14-ல் 6.2 செ.மீ. நடுக்கால் பாதியளவு வந்திருந்தது. முதுகில் சிறகு மொட்டு தெளிவாகத் தெரிந்தது. இனி ஒரே ஒரு தோல்.

கடைசித் தோல்

கடைசித் தோலுரிப்பு மற்றவற்றைவிடப் பெரியது, உடம்போடு சிறகும் விரிய வேண்டும். டிசம்பர் 6-ல் சாப்பாட்டை நிறுத்தினாள், மொட்டுகள் உப்பிக்கொண்டு வந்தன. அந்த வாரம் போய்ப் பார்த்தபோது உள்ளே ஒரு மல்லிகைத் தொட்டி. பையன் ஆசையாக வைத்தது, தொட்டியும் செடியுமாக 15 செ.மீ. உயரம். 32-ல் 15 போனால் 17, 6.2-ம் 8-ம் சேர்த்து 14.2, கணக்குக்குப் போதும்தான். ஆனால் அவள் எந்த இடத்தில் தொங்குவாள் என்று நாம் சொல்ல முடியாது, சரிந்து நிற்கிற ஒரு கிளை சிறகில் பட்டால் சிறகு மடங்கியே காயும், அதைத் திருத்தவே முடியாது. செப்டம்பரில் கணக்கு மட்டும் பார்த்ததன் பலனை அனுபவித்தாயிற்று. எடுத்துவிடச் சொன்னேன். வருத்தத்தோடு எடுத்தான்.

13-ம் தேதி இரவு ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கியது. தாழ்வார விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் துணியில் சுற்றி ஐந்து பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முதுகு பிளந்து, பச்சையும் வெள்ளையும் கலந்த ஒரு உடம்பு சத்தமில்லாமல் கீழே வழிந்தது, தலை, அப்புறம் மடித்து வைத்த முன்னங்கால்கள், அப்புறம் நீண்ட நடைகால்கள் ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவிக்கொண்டு. இருபது நிமிடம்போல அப்படியே தலைகீழாகத் தொங்கினாள். கீழே ஒரு சாண் வெறும் இடம் இருந்தது. பிறகு ஒரே எம்பில் மேலே வளைந்து வலையைப் பற்றினாள், சுருங்கிய வெற்றிலை மாதிரி இருந்த சிறகு மெல்ல மெல்ல நீண்டு தொங்கியது. பதினொன்றரைக்கு நான் கிளம்பும்போது சிறகு முழுநீளம், இன்னும் பால் வெள்ளையாக. காலையில் பச்சை, ஆளுக்கொரு வெள்ளைப் புள்ளியோடு. ஒரு மடிப்புகூட இல்லை. 8 செ.மீ.

பிறகு நடந்தது

வலது நடுக்கால் மட்டும் முக்கால் அளவில் நின்றுவிட்டது, நடப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஜனவரி 9-ல் கூரை வலையிலேயே முட்டைக்கூடு கட்டினாள், சோப்பு நுரை இறுகின மாதிரி பழுப்பு நிறத்தில் ஒன்று. ஆணோடு சேராததால் அது பொரியாது என்று பையனிடம் முன்பே சொல்லிவைத்தேன். அதன் பிறகு விட்டுவிடுவது பற்றி அவனே பேச்செடுத்தான். இந்த ஊர்ப் பூச்சி, பிடித்த இடமும் வாசலிலேயே, தானாக இரை பிடிக்கிறாள், விடுவதில் தவறில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் அதே செம்பருத்தியில் விட்டார்கள். மூன்று நாள் அதே கிளையில் பார்த்திருக்கிறான், நாலாம் நாள் இல்லை.

இனி வேறு மாதிரி செய்வது

முதலில் என் பங்கு. யாராவது போனில் வீட்டின் உயரம் சொன்னால் இனி அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். பூச்சி எதில் தொங்குகிறது, அங்கிருந்து அதற்குக் கீழே முதலில் தட்டுப்படுகிற பொருள்வரை எவ்வளவு, இந்த இரண்டையும் படத்தோடு அனுப்பச் சொல்வேன். டப்பாவின் மூடி எப்படிப்பட்டது என்பதை முதல் கேள்வியாகக் கேட்பேன்.

ஜாம் பாட்டிலிலிருந்து செப்டம்பரிலேயே மாற்றியிருக்க வேண்டாம். பூச்சி 3.5 செ.மீ. தாண்டும்வரை அது போதும், பிறகு நேரே வலைவீடு, நடுவில் ஜாடி என்ற கட்டமே தேவையில்லை. மாற்றுவதானால் தோலுரித்து நாலைந்து நாள் கழித்து, உடம்பு இறுகி ஒரு வேளை சாப்பிட்ட பிறகு. சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வீடு எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் பூச்சியை நகர்த்தக் கூடாது, அதற்குக் கீழே இருப்பதை மட்டும் எடுத்துவிடலாம்.

நார்த்தூளை விரலளவுக்கு மேல் போடச் சொல்ல மாட்டேன், தூளில் ஏறுகிற ஒவ்வொரு செ.மீ.-ம் பூச்சியின் இடத்திலிருந்துதான் குறைகிறது. குச்சி வைத்தால் கூரையைத் தொடுகிற மாதிரி ஓரமாக, நடுவில் சாய்த்து இல்லை. பையன் வழுக்குகிறது, முகம் தேய்க்கிறது என்று சொன்ன அன்றைக்கே போய்ப் பார்த்திருந்தால் செப்டம்பர் 29 நடந்திருக்காது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போன வாரம் பையன் ஒரு படம் அனுப்பியிருந்தான். செம்பருத்தியில் புதுக் குஞ்சு ஒன்று கிடைத்திருக்கிறது, 1.5 செ.மீ. பழைய ஜாம் பாட்டில், புது வேட்டித் துணி. துணியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஊக்கு மாட்டி, நார்த்தூளைத் தொடும்வரை இறக்கி, அந்த நூலை அடிக்கோலில் வைத்து அளந்திருந்தான். கீழே "மாமா, 11" என்று எழுதியிருந்தான்.